விதானையார் வீட்டுக்கு இப்போது யாரும் வருவதில்லை

கேள்வி:

வணக்கம் டொக்டர். நான் மட்டக்களப்பு எழுவான்கரையில் ஓர் ஊரில் ஆசிரியை. வயது 36. அப்பா முப்பது வருசத்துக்கு மேல் கிராம உத்தியோகத்தராக, ஊர் வாயில் விதானையாராக, இருந்து 2022 டிசம்பர் கடைசியில் ஓய்வு பெற்றார். முதல் ஒரு வருசம் நன்றாகத்தான் இருந்தார். கதிர்காமம் போனார், மதிலுக்கு வர்ணம் அடித்தார், தென்னம்பிள்ளை வைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கினார். இப்போது எட்டு, ஒன்பது மாதமாக முன்விறாந்தையில் கதிரையைப் போட்டுக் கேற்றைப் பார்த்தபடி இருக்கிறார். விடியச் சாமம் மூன்று மணிக்கே எழும்பிவிடுகிறார். சாப்பாடு குறைந்து மெலிந்துவிட்டார். நெஞ்செரிவு, வயிற்றுப் புகைச்சல் என்கிறார். கமரா விட்டுப் பார்த்தும் ஒன்றும் இல்லை என்றுவிட்டார்கள். பெயர்கள் மறந்துபோகின்றன. கோயில் நிர்வாகசபையில் இருந்து தானாகவே விலகினார். ஊரில் எல்லாருக்கும் முதியோர் அடையாள அட்டை எடுத்துக் கொடுத்தவர், தனக்கு எடுக்க மறுக்கிறார். வீடு எனக்குச் சீதனமாக எழுதியது. ஏதாவது கேட்டால் 'உங்கட வீடு, நீங்க பார்த்துச் செய்யுங்க' என்கிறார். பென்சன் எடுப்பதும் என் கணவர்தான், காட் அவரிடம்தான் இருக்கிறது. அம்மா ஒரே புறுபுறுப்பு; தன்னுடைய நித்திரைக் குளிசையில் பாதியை அப்பாவுக்குக் கொடுக்கிறா. போன கிழமை அப்பா 'நான் இருந்து இனி என்ன பிரயோசனம்' என்றார். இது சோம்பலா, வயதா, வருத்தமா? மனநல வைத்தியரிடம் காட்டலாம் என்றால், விதானையாரை அங்கே கூட்டிப்போனால் ஊர் என்ன கதைக்கும் என்று அம்மா பயப்படுகிறா. லண்டனில் இருக்கும் தம்பி, ஆறு மாதம் தன்னிடம் அனுப்பச் சொல்கிறான். அவன் ஊரில் ஒரு காணி வாங்கவும் யோசிக்கிறான். அந்த அலுவலில் எல்லாரும் அலைகிறோம். என்ன செய்வது?

பதில்:

அன்பு மகளுக்கு,

'நான் இருந்து இனி என்ன பிரயோசனம்' என்ற வரியில் இருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு கிழமை பொறுக்கும், இது பொறுக்காது. வயதான ஆண்கள் சாவைப் பற்றி நேராகப் பேசுவது குறைவு. இப்படித்தான், போகிற போக்கில் ஒரு வரி விழும். வீட்டில் உள்ளவர்கள் பயத்தில் 'சும்மா விசர்க்கதை கதைக்காதீங்க' என்று அடக்கிவிடுவார்கள். அதோடு அவர் அடுத்த வரியைச் சொல்லாமல் விழுங்கிவிடுவார்.

நீங்களே கேளுங்கள். அவர் விழித்திருக்கும் அந்த விடியற்புறத்தில் ஒரு தேத்தண்ணியோடு பக்கத்தில் போய் இருந்து, 'அப்பா, அண்டைக்கு அப்பிடிச் சொன்னீங்க. செத்துப்போகலாம் எண்டு நினைப்பு வருதா? ஏதாவது செய்ய யோசிச்சீங்களா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. இதை நன்றாக ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கேட்டால் பலருக்குப் பாரம் இறங்கும். 'ஓம்' என்று சொல்லிவிட்டால் அழுது குழறாமல், அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். 'இல்லை, அலுத்துப் போச்சுது, அவ்வளவுதான்' என்றாலும் இந்தக் கிழமைக்குள் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். எந்த நேரத்திலும் தமிழில் பேசி வழி கேட்க 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்கள் வளவில் எங்காவது கிடந்தால் இன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். குளிசைகளை அம்மா தன் கையில் வைத்திருக்கட்டும். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இருந்தது இலங்கை. கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த ஒரு கெட்ட மணித்தியாலத்தில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பிவிடுகின்றன.

இனி உங்கள் கேள்வி. சோம்பல் இல்லை. முப்பது வருசம் இரவு பகல் பாராமல் ஓடியவருக்கு அறுபதுக்கு மேல் புதிதாகச் சோம்பல் பிடிப்பதில்லை. வெறும் வயதும் இல்லை. நான் அவரை நேரில் பார்க்கவில்லை, அதனால் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விடியச் சாமம் முழிப்பு, சாப்பாட்டில் மனம் இல்லாமை, மெலிவு, பிடித்த காரியங்களில் இருந்து விலகல், தன்னால் பயனில்லை என்ற எண்ணம், இத்தனையும் மாதக்கணக்கில் சேர்ந்து வந்தால் மனச்சோர்வு நோயைத்தான் முதலில் நினைப்பேன். முதுமையில் இந்த நோய் அழுகையாக வராமல் வயிற்று எரிவாக, நாரிப்பிடிப்பாக, உடம்பு உளைவாக வருவது மிகச் சாதாரணம். எங்கள் ஆண்களுக்கு 'மனம் சரியில்லை' என்று சொல்ல வாய் வராது, 'வயிறு சரியில்லை' என்று சொல்ல வரும். கமராவில் ஒன்றும் இல்லை என்றால் அவர் பொய் சொல்கிறார் என்று எடுக்காதீர்கள். அந்த எரிவு அவருக்கு உண்மையானது.

மறதியைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். மனச்சோர்வில் கவனம் நிற்காது. கவனம் நிற்காவிட்டால் மனதில் பதியாது. அதனால் மறதி நோய் போலவே தெரியும், சோர்வு மாறும்போது ஞாபகமும் பெரும்பாலும் திரும்பும். என்றாலும் சரிபார்க்க வேண்டும். தைரொயிட், இரத்தத்தின் ஹீமோகுளோபின், பி12 விற்றமின், சீனி, இவற்றில் குழப்பம் இருந்தாலும் ஆள் இப்படிச் சோர்ந்துபோகலாம். சில பிறசர் குளிசைகளும் அலுப்பைக் கொடுக்கும். காது கேட்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். காது மந்தமானவர்கள் சபையில் பிழையாகப் பதில் சொல்லிவிடுவோமோ என்ற வெட்கத்தில் மெல்ல ஒதுங்குவதுண்டு. கோயில் கூட்டத்தை விட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக் கூடும். குடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். வயதான உடம்பில் நீர் குறைவு, அதே அளவு சாராயம் முன்னையை விட வேகமாக ஏறும், நித்திரையையும் விடியச் சாமத்தில் கலைக்கும்.

அம்மா அப்பாவுக்கு அரைக் குளிசை கொடுக்கும் பழக்கம் நிற்க வேண்டும். ஒருவருக்கு எழுதிய நித்திரைக் குளிசை இன்னொருவருக்கு மருந்து ஆகாது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது இரவில் தடுமாறி விழச் செய்யும், மறதியைக் கூட்டும். ஆனால் அப்பா எவ்வளவு காலமாக அதைப் போடுகிறார் என்பதை முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். நாள்பட்டிருந்தால் சடுதியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டி வரும்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசை வேறு வகை. அதற்கு ஆள் அடிமையாவதில்லை. ஆனால் போட்ட அன்றைக்கே ஒன்றும் தெரியாது. இரண்டு தொடக்கம் நாலு கிழமையில் நித்திரையும் பசியும் சரியாகத் தொடங்கும், வயதானவர்களுக்கு முழுப் பலன் தெரிய ஆறு, எட்டுக் கிழமையும் ஆகலாம். முதல் கிழமையில் கொஞ்சம் ஓங்காளிப்பு வந்ததும் 'இது ஒத்துவரேல்ல' என்று விட்டுவிடுவதால்தான் பலர் குணமாகாமல் போகிறார்கள். சில குளிசைகள் முதியவர்களின் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். அதனால் ஆரம்பத்தில் ஒரு இரத்தப் பரிசோதனை கேட்டுக்கொள்ளுங்கள். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு வருசம் வரை தொடர வேண்டும்.

ஊர் கதைக்கும் என்ற பயம். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் ஊர்களில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அப்பா பிறசர் கிளினிக் போகிறவர் என்றால் அங்கேயே தொடங்குங்கள். நித்திரை இல்லை, மெலிகிறார், மனம் சோர்ந்திருக்கிறது என்று அந்த வைத்தியரிடமே சொல்லி, மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் களுவாஞ்சிக்குடி, கல்முனை போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் இந்தச் சேவை இலவசமாக இருக்கிறது. ஆனால் அப்பாவிடம் பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். வேறு எதற்கோ என்று சொல்லி மனநலப் பிரிவு வாசலில் இறக்கினால், அவர் உங்களை மறுபடி நம்பமாட்டார். ஒரு விதானையார் தன் காலத்தில் எத்தனை குடும்பங்களிடம் 'பேயுமில்ல, செய்வினையுமில்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க' என்று சொல்லியிருப்பார்! அவருக்கு இது புது விசயம் இல்லை. தனக்கு என்று வரும்போதுதான் கடினம். அதை மரியாதையோடு நினைவூட்டலாம்.

சரி, நோய்க்கு வைத்தியம் உண்டு. ஆனால் குளிசை மட்டும் போட்டு அதே கதிரையில் இருத்தினால் அரைக் கிணறுதான் தாண்டியதாகும். அவர் எதை இழந்தார் என்று யோசிக்க வேண்டும்.

ஆசிரியருக்குப் பாடசாலை மணி அடித்தால் வேலை முடிந்தது. கிராம உத்தியோகத்தருக்கு அப்படி ஒரு மணி இல்லை. விடியற்காலையில் கேற்றைத் தட்டி வதிவிடச் சான்றிதழ் கேட்பார்கள், இரவு பத்து மணிக்கு எல்லைச் சண்டைக்குக் கூப்பிடுவார்கள். சாவீடு, திருமணம், வெள்ளம், யானை அடித்த வீடு, எல்லாவற்றுக்கும் முதல் ஆள் அவர். அவர் கையெழுத்து இல்லாமல் அந்த ஊரில் ஒரு பிள்ளை பாடசாலையில் சேர்ந்திருக்காது. ஒரு நாள் முத்திரையையும் கோவைகளையும் ஒப்படைத்தார், அடுத்த நாள் ஊர் புதியவரிடம் போனது. போகத்தானே வேண்டும். யாரும் அவரை வெறுக்கவில்லை, ஆனால் கேற்றைத் தட்டுவதற்கு யாருக்கும் காரணம் இல்லை. அவர் கேற்றைப் பார்த்தபடி இருப்பது சும்மா இருப்பது இல்லை, மகள்.

அவருக்கு ஆயத்தமாக நேரமும் இருக்கவில்லை. 2022 ஜனவரியில் இருந்து அரச ஊழியர் ஓய்வு வயது 65 என்றார்கள். அதே வருசம் ஓகஸ்ட் கடைசியில் வந்த இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் மறுபடி 60 என்றார்கள். அறுபதைத் தாண்டியிருந்தவர்கள் டிசம்பர் 31ஓடு வீட்டுக்கு வர வேண்டியதாயிற்று. இன்னும் சில வருசம் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தவர், நாலு மாதத்தில் கோவைகளைக் கட்டினார்.

'முதல் வருசம் நன்றாக இருந்தாரே' என்று கேட்கிறீர்கள். அதுதான் வழமை. அமெரிக்க சமூகவியலாளர் ரொபர்ட் அட்ச்லி 1970களிலேயே ஓய்வைப் படிகளாகப் பிரித்து எழுதியிருக்கிறார். முதலில் ஒரு தேனிலவுக் காலம், பிந்திக் கிடந்த வேலைகளும் யாத்திரைகளும். அவை முடிந்ததும் ஒரு வெறுமை. அதற்குப் பிறகுதான் பலர் புது ஒழுங்கொன்றைத் தேடிப் பிடிக்கிறார்கள். எல்லாரும் இதே வரிசையில் போவதில்லை. அப்பாவுக்கு வெறுமையின் இடத்தில் நோய் பிடித்துக்கொண்டது, அடுத்த படிக்கு ஏறத் தெம்பில்லை.

வீட்டு விசயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் வெளியூர் வைத்தியர்களுக்கு இது விளங்காது. எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் தகப்பன் ஆயுள் முழுக்க உழைத்துக் கட்டும் வீடு மகளுக்கு. மருமகன் வந்து குடியிருப்பார், பெற்றார் ஒரு அறைக்கோ வளவு மூலையில் சின்ன வீட்டுக்கோ ஒதுங்குவார்கள். நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன். முதுமையில் பெற்றார் சொந்த மகளோடு இருக்கக் கிடைப்பது பெரிய காவல். ஆனால் வேலையில் இருக்கும்வரை அவருக்கு வெளியே ஒரு அலுவலகம், அலுவலகத்தில் ஒரு மேசை இருந்தது. இப்போது அதுவும் இல்லை, வீடும் எழுதிக் கொடுத்தாயிற்று, பென்சன் காட்டும் மருமகன் சட்டைப் பையில். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் கணவர் உதவியாகத்தான் செய்கிறார், சந்தேகமே இல்லை. என்றாலும் அந்தக் காட்டை இந்த மாதமே அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். வங்கிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போங்கள், காசை அவர் எடுக்கட்டும், வீட்டுச் செலவுக்கு அவர் கையால் தரட்டும், பேரப்பிள்ளைக்கு மிக்ஸர் வாங்கித் தரட்டும்.

'இது உங்கட வீடுதான் அப்பா' என்று வாயால் சொல்வதில் பலன் குறைவு. முன்விறாந்தையில் கதிரை மட்டும் இருக்கிறது, ஒரு மேசை போடுங்கள். அவருடைய கோவைகள், மூக்குக்கண்ணாடி, பேப்பர் வைக்க ஒரு இலாச்சி. கரண்ட் பில், காணி உறுதிகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அந்த இலாச்சியில் இருக்கட்டும். தேவைப்படும்போது நீங்கள் அவரிடம் போய்க் கேட்க வேண்டி வரும்.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. முப்பது வருசமாகப் பகலில் அந்த வீடு அவருடைய ராச்சியம். இப்போது இருபத்துநாலு மணித்தியாலமும் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தால் புறுபுறுப்பு வரும்தான். அவரும் களைத்திருக்கிறார். கிழமையில் ஒரு நாளாவது சகோதரி வீட்டுக்கோ கோயிலுக்கோ தனியே போய்வர வழி செய்யுங்கள்.

அடுத்தது வேலை. உறவினர் எல்லாரும் சொல்வது, 'பேரப்பிள்ளைகளோட சந்தோசமா இருக்கட்டும்' என்று. பேரப்பிள்ளைகள் சந்தோசம்தான். ஆனால் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவது மட்டுமே வேலை என்றால், ஊருக்கே பெரியவராக இருந்தவர் உங்கள் வீட்டு ஓட்டோக்காரர் ஆகிவிடுவார். பொழுதுபோக்குத் தேடிக் கொடுப்பதும் உதவாது. இவருக்கு வேண்டியது, தன்னிடம் இருப்பது இன்னொருவருக்கு உண்மையாகத் தேவைப்படுவது.

அது இன்னும் தேவைப்படுகிறது. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவுக்கு மேன்முறையீடு எழுதத் தெரியாத வயோதிபர்கள், பிந்திய பிறப்புப் பதிவுக்கு அலைகிறவர்கள், கணவன் இறந்த பிறகு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு என்ன பத்திரம் வேண்டும் என்று தெரியாத பெண்கள், உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். கிழமையில் இரண்டு காலை வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு மேசை போட்டு இருந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: அவர் எதையும் உறுதிப்படுத்திக் கையெழுத்திடக் கூடாது. புதிய உத்தியோகத்தரிடம் முதலில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்தப் பொடியனுக்கும் உதவியாக இருக்கும். பழைய அலுவலகத்தில் போய் இருக்கும் பழக்கத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள், அது இரு பக்கமும் மனக்கசப்பில் முடியும்.

ஆனால் நாளைக்கே இதைத் தொடங்க வேண்டாம். மனச்சோர்வில் இருப்பவரிடம் பெரிய வேலையைக் கொடுத்தால் முடியாமல் போகும், முடியாமல் போனால் 'பார்த்தியா, நான் உதவாதவன்' என்று அவரே தீர்ப்பு எழுதிவிடுவார். இப்போதைக்கு நடை. வெயில் தாழ ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ, யாராவது ஒருவரோடு, பத்து நிமிசம். பிறகு கூட்டலாம். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 நிமிச மிதமான நடை போன்ற உடலசைவை முதியவர்களுக்கும் சொல்கிறது, அதை இலக்காக வையுங்கள், கட்டாயமாக வைக்காதீர்கள். பகல் நித்திரை அரை மணித்தியாலத்தைத் தாண்டாமல் பாருங்கள், சாமத்து முழிப்புக்கு அதுவும் ஒரு காரணம். பசியும் நித்திரையும் திரும்பியதும் மேசைக் கதையை எடுங்கள்.

முதியோர் அடையாள அட்டைக்கு வற்புறுத்த வேண்டாம். தன் கையால் மற்றவர்களின் விண்ணப்பங்களைப் பார்த்தவர், தன் விண்ணப்பத்தோடு இன்னொருவர் முன் நிற்கக் கூசுகிறார். சுகமானதும் தானே எடுப்பார். ஊர் முதியோர் சங்கத்துக்கும் அப்போது போகலாம். கணக்கு வழக்குத் தெரிந்த ஒருவரை அங்கே கட்டாயம் தேடுவார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். தொண்ணூறுகளின் இடம்பெயர்வு, 2004 டிசம்பர் 26, பிறகு 2006, 2007ல் வாகரையில் இருந்தும் படுவான்கரையில் இருந்தும் வந்த சனம், இத்தனை காலத்திலும் நிவாரணப் பட்டியலும் இறந்தவர் பட்டியலும் காணாமற்போனவர் பட்டியலும் எழுதியவர்கள் எங்கள் கிராம உத்தியோகத்தர்கள். அடுத்த நாள் வேலை இருந்ததால் நினைக்க நேரம் இருக்கவில்லை. வேலை நின்றதும் அந்தப் பெயர்கள் திரும்பி வருவதுண்டு. மூன்று மணிக்கு அவர் எதை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியாது. தோண்டிக் கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் இடைமறிக்காமல், 'அதெல்லாம் முடிஞ்சுதுதானே' என்று மூடாமல் கேளுங்கள். கனவில் கத்துகிறார், திடுக்கிட்டு எழும்புகிறார் என்றால் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள்.

தம்பி விசயம். பாசத்தில்தான் கேட்கிறார், ஆனால் இப்போது அனுப்ப வேண்டாம். அங்கே மாரியில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் மொழி தெரியாத ஊரில் பகல் முழுக்கத் தனியே. புதிதாகத் தொடங்கிய வைத்தியமும் அறுந்துபோகும். சுகமான பிறகு, வெயில் காலத்தில், இரண்டு பேருமாக ஒரு மாதம் போய்வரட்டும்.

அதுவரை தம்பி ஒரு காரியம் செய்யலாம். 'சாப்பிட்டீங்களா அப்பா, குளிசை போட்டீங்களா' என்ற கேள்விகளோடு தொலைபேசியை வைக்காமல், அந்தக் காணி அலுவலை அவரிடமே கேட்கட்டும். நீங்கள் எல்லாரும் அலைகிறீர்கள், உறுதி வாசிக்கத் தெரிந்த, அந்த வட்டாரத்தில் எந்தக் காணி யாருடையது என்று தெரிந்த ஒருவர் விறாந்தையில் இருக்கிறார். உறுதியின் பிரதியை அவர் மேசையில் வையுங்கள். முதல் நாள் தொடமாட்டார், விட்டுவிடுங்கள். குளிசை தொடங்கி மூன்று, நாலு கிழமை போன பிறகு தம்பி எடுத்து, 'அப்பா, வடக்கு எல்லை சரியா எண்டு ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க' என்று கேட்கட்டும். முடிவெடுப்பதற்கு முன்பு கேட்கட்டும். வாங்கி முடித்த பிறகு காட்டுவதற்காக இல்லை.